கறுப்பின மருத்துவ விஞ்ஞானிகள் எப்படி ஒரு கூட்டமானார்கள்?

'முதல் கறுப்பின மருத்துவர்', 'முதல் கறுப்பின அறுவை மருத்துவர்', 'முதல் கறுப்பினப் பேராசிரியர்' என்று பட்டியல் போட்டு வரலாறு சொல்வது எல்லோருக்கும் பழகிப்போன முறை. நம்மவர்களின் வரலாற்றையும் நாம் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறோம். சுவரொட்டிக்கும் நினைவுநாள் பதிவுக்கும் இது வசதி. ஆனால் அந்த முதல் ஆளுக்குப் பின்னால் இரண்டாவது ஆளும் இருபதாவது ஆளும் எப்படி வந்தார்கள் என்பதை இந்தப் பட்டியல் சொல்லாது. மருத்துவம் படித்துக்கொண்டே ஆராய்ச்சிப் பக்கமும் போக நினைக்கிற தலித் மாணவர்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் நம்மிடம் வருகிற கேள்வி வேறு. உள்ளே வந்துவிட்டோம், இனி யாரிடம் பேசுவது? ஆய்வுக்கட்டுரையை யாரிடம் காட்டித் திருத்திக்கொள்வது? பரிந்துரைக் கடிதம் யார் தருவார்? இரவு உணவுக்கு யாருடன் போவது?

கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை விசாரித்து 2007இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் குழு தந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வகுப்பறையில் நடந்ததைப் போலவே விடுதி அறை, உணவு மேசை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றில் நடந்ததையும் அது பேசுகிறது. தொல்லை தாங்காமல் மாணவர்கள் விடுதியின் மேல்தளத்தில் ஒன்றாகப் போய்த் தங்கியதைப் பதிவுசெய்திருக்கிறது. ஒதுக்கப்பட்டவர்கள் ஓர் இடத்தில் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்ததைப் பாதுகாப்பு என்பதா, சேரி என்பதா?

இதே கேள்வியோடு நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மருத்துவர்கள். அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்ததும், 1946இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும் நம் தோழர்கள் அறிந்ததே. அந்த மரபில் வைத்துத்தான் இந்தக் கதையையும் படிக்கிறோம்.

கதவு அடைக்கப்பட்ட விதத்திலிருந்து தொடங்குவோம். 1870இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மாநாட்டுக்கு வாஷிங்டனிலிருந்து கறுப்பரும் வெள்ளையரும் கலந்த ஒரு குழு போனது. அலெக்சாண்டர் அகஸ்டா, சார்லஸ் பர்விஸ், அல்ஃபியஸ் டக்கர் ஆகிய மூன்று கறுப்பின மருத்துவர்கள் அதில் இருந்தார்கள். குழுவுக்கு இடம் மறுக்கப்பட்டது. கறுப்பர் கூடாது என்று தேசியச் சங்கம் எங்கும் எழுதி வைக்கவில்லை. உள்ளூர்ச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் தேசியச் சங்கத்தில் சேர முடியும் என்று விதி வைத்தது. தெற்கு மாநிலங்களில் உள்ளூர்ச் சங்கங்கள் கறுப்பரைச் சேர்ப்பதில்லை. அவ்வளவுதான், கை சுத்தம். நம் ஊரில் "நாங்கள் எதுவும் சொல்லவில்லை, ஊர் வழக்கம் அப்படி" என்பார்களே, அதே வேலை. அந்தச் சங்கம் வெளியிட்ட மருத்துவர் பெயர்ப் பட்டியலில் கறுப்பின மருத்துவரின் பெயருக்குப் பக்கத்தில் 'கலர்டு' என்பதன் சுருக்கக் குறி 1930களின் இறுதிவரை இருந்தது.

சங்க உறுப்பினர் அட்டை இல்லாவிட்டால் என்ன, மருத்துவம் பார்க்க முடியாதா என்று கேட்கலாம். பார்க்கலாம். ஆனால் உள்ளூர்ச் சங்கத்தில் இல்லாதவருக்குப் பல மருத்துவமனைகளில் நோயாளியைச் சேர்க்க அனுமதி கிடையாது. மருத்துவமனை இல்லையென்றால் அறுவை சிகிச்சை அனுபவம் இல்லை. அனுபவம் இல்லையென்றால் சிறப்புத் தகுதித் தேர்வு எழுத முடியாது. சிறப்புத் தகுதி இல்லாதவருக்கு ஆய்வுக்கூடமும் நிதியும் யார் கொடுப்பார்கள்? ஒரு சங்கத்தின் வாசலில் விழுந்த பூட்டு, ஐந்தாறு வாசல் தள்ளி இருக்கும் விஞ்ஞானியின் நாற்காலியையும் பூட்டிவிட்டது.

1895இல் அட்லாண்டாவில் கூடி அவர்கள் தங்களுக்கென்று தேசிய மருத்துவச் சங்கம் தொடங்கினார்கள். முதல் தலைவர் நாஷ்வில்லைச் சேர்ந்த ராபர்ட் பாய்ட். 1909இல் சங்கத்துக்கு ஆய்விதழ் வந்தது. இந்த இதழின் மதிப்பு நமக்கு எளிதில் புரியும். சொந்தப் பத்திரிகை இல்லாத சமூகம் தன் அனுபவத்தைப் பிறர் அனுமதியோடுதான் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர், அமெரிக்கா, கனடா நாடுகளின் 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். மருத்துவக் கல்வியை அறிவியல் அடிப்படையில் நிறுத்திய ஆவணம் என்று இன்றும் புகழப்படுவது. கறுப்பினக் கல்விக்கு அதில் ஒதுக்கப்பட்டது ஒரு குட்டி அத்தியாயம். ஏழு கறுப்பினக் கல்லூரிகளில் வாஷிங்டனின் ஹாவர்டு, நாஷ்வில்லின் மெஹாரி இரண்டு போதும் என்றார். (ஹார்வர்டு வேறு, ஹாவர்டு வேறு. நம் மேடைகளில் இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம்.) கறுப்பின மருத்துவரின் வேலை தம் மக்களுக்குச் சுகாதாரம் சொல்லிக் கொடுப்பது, அந்த மக்களின் நோய் வெள்ளையருக்குப் பரவாமல் காப்பது என்பது அவர் பார்வை. ஆராய்ச்சி அவர் கற்பனையிலேயே இல்லை. 1923க்குள் மற்ற ஐந்தும் மூடப்பட்டன. அவை தொடர்ந்து நடந்திருந்தால் கூடுதலாகச் சுமார் 35,000 மருத்துவர்கள் வந்திருக்கக்கூடும் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 'தரம்' என்ற சொல் நீட் காலத்தில் மட்டும் கண்டுபிடிக்கப்பட்டதல்ல.

மூடிய கல்லூரிக்குப் பதிலாக அவர்கள் கையில் என்ன இருந்தது? பயணம் இருந்தது. சிகாகோவில் 1891இல் பிராவிடன்ட் மருத்துவமனையைத் தொடங்கிய டேனியல் ஹேல் வில்லியம்ஸ், ஊதியம் வாங்காமல் மெஹாரிக்குப் போய் மாணவர்கள் முன்னால் அறுவை சிகிச்சை செய்து காட்டினார். அலபாமாவின் டஸ்கீகியில் ஜான் கென்னி, 1912இல் ஆண்டுதோறும் கூடும் மருத்துவ முகாமைத் தொடங்கினார். சுற்றுவட்ட ஏழைக் கறுப்பர்களுக்கு இலவச சிகிச்சை. நாடு முழுதிலுமிருந்து வரும் கறுப்பின மருத்துவர்களுக்கு அதுவே பாடசாலை. சிறு ஊரில் தனியாகத் தொழில் செய்கிறவர் வருடத்தில் சில நாட்கள் தன்னைப் போன்றவர்களைச் சந்தித்து, புதிய முறைகளைக் கண்ணால் பார்த்து, சந்தேகம் கேட்டுப் போக முடிந்தது. வெள்ளையர் மருத்துவமனைகள் அவருக்குத் தர மறுத்ததை இந்த முகாம் தந்தது.

கென்னியால் டஸ்கீகியில் நிலைக்க முடியவில்லை. 1923இல் அங்கே கறுப்பினப் படைவீரர்களுக்கு அரசு மருத்துவமனை திறந்தபோது, நோயாளி கறுப்பர், மருத்துவர் வெள்ளையர் என்று வைக்க உள்ளூர் வெள்ளையர்கள் முயன்றார்கள். கறுப்பினச் சங்கங்கள் எதிர்த்தன. கூ கிளக்ஸ் கிளான் ஊர்வலம் போனது. கென்னிக்கு மிரட்டல் வந்தது. அவர் நியூஜெர்சியின் நியூவார்க்குக்குக் குடிபெயர்ந்து 1927இல் அங்கேயும் ஒரு மருத்துவமனை கட்டினார். படைவீரர் மருத்துவமனையில் கடைசியில் கறுப்பின மருத்துவர்களே நியமிக்கப்பட்டார்கள்.

டஸ்கீகி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது வேறொன்று. 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத்துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து மேகப்புண் நோய் ஆய்வு நடத்தியது. அவர்களில் நோய் இருந்தவர்களுக்கு அது இன்ன நோய் என்று சொல்லவில்லை, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இந்த முகாம் நடந்த அதே ஜான் ஆண்ட்ரூ மருத்துவமனையின் வசதிகள் அந்த ஆய்வுக்கும் பயன்பட்டன. கறுப்பின மருத்துவர்களும் செவிலியரும் அதில் வேலை செய்தார்கள். நம் ஆட்கள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டால் நம் மக்கள் தானாகக் காப்பாற்றப்படுவார்கள் என்று நம்புகிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மருத்துவர்கள் ஒன்றுகூடினார்கள். அந்தக் கூட்டத்தில் நோயாளிக்கு நாற்காலி போடப்படவில்லை.

இனி ஹாவர்டுக்கு வருவோம். நம் கட்டுரையின் மையம் அங்கேதான் இருக்கிறது.

1868இல் திறந்த அந்த மருத்துவக் கல்லூரிக்கு முதல் கறுப்பின முதல்வர் 1929இல்தான் வந்தார். அவர் பெயர் நூமா ஆடம்ஸ். வேதியியல் ஆசிரியராக இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். நம் மாணவர்களில் யாருக்கும் இவர் பெயர் தெரிந்திருப்பதாகத் தோன்றவில்லை, 'முதல்' பட்டியல்களில் இவருக்குக் கீழ்வரிசைதான். ஆனால் நம் கணக்கில் இந்தக் கதையின் பெரிய மனிதர் இவரே.

அவர் கண்ட சிக்கல் இது: உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல், மருந்தியல் போன்ற அடிப்படைத் துறைகளுக்கு முழுநேர ஆசிரியர்கள் இல்லை. வெளியே மருத்துவத் தொழில் செய்துவிட்டு மிச்ச நேரத்தில் வந்து பாடம் எடுப்பவர்களை வைத்து ஆராய்ச்சி நடக்காது. எனவே இளம் கறுப்பின மருத்துவர்களையும் பட்டதாரிகளையும் தேர்ந்தெடுத்து, ராக்ஃபெல்லர் குடும்ப நிதியில் இயங்கிய பொதுக் கல்வி வாரியத்தின் உதவித்தொகையுடன், வடக்கிலுள்ள பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் திட்டத்தை நடத்தினார். போய் முனைவர் பட்டம் வாங்கு, திரும்பி வந்து துறையை நடத்து. இதுதான் ஒப்பந்தம்.

மருத்துவப் பட்டத்தோடு முனைவர் பட்டமும் பெற்ற ஒரு தலைமுறை ஹாவர்டில் சேர்ந்தது. வில்லியம் மாண்டேக் காப் ஹாவர்டில் 1929இல் மருத்துவம் முடித்து, கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வில் 1932இல் மானுடவியல் முனைவரானார். ராபர்ட் ஜேசன் சிகாகோவில் நோய்க்குறியியல். ஜோசப் ஜான்சன் அதே சிகாகோவில் உடலியங்கியல். ஹில்ட்ரஸ் பாய்ன்டெக்ஸ்டர் ஹார்வர்டில் மருத்துவம் படித்து, கொலம்பியாவில் நுண்ணுயிரியல் முனைவரானவர். ஆர்னால்டு மலோனி விஸ்கான்சினில் மருந்தியல். மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் இத்தனை பேர். பட்டியலில் இவர்கள் தனித்தனி 'முதல்' ஆட்கள். வாழ்க்கையில் ஒரே கட்டடத்தில், ஒரே தாழ்வாரத்தில் வேலை செய்தவர்கள். காப் வாங்கிவந்த எலும்புக்கூட்டை ஜேசன் பார்க்கலாம், ஜேசனின் சந்தேகத்தை மலோனி கேட்கலாம். ஓர் இளம் மாணவர் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் தன்னைப் போன்றவர். இந்தச் சூழலை ஆடம்ஸ் திட்டம் போட்டு உண்டாக்கினார்.

அவருக்கு நல்ல பெயர் மட்டும் கிடைக்கவில்லை. சேர்க்கை விதிகளை இறுக்கினார், மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தார். பழைய மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். 1936இல் அறுவைத் துறைக்கு ஐந்தாண்டு ஏற்பாடாக எட்வர்டு ஹோவ்ஸ் என்ற வெள்ளையரை அவர் கொண்டுவந்ததும் பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஐந்தாண்டுக்குள் துறையை ஏற்க ஒரு கறுப்பினரைத் தயார்செய்ய வேண்டும் என்பது ஏற்பாட்டின் பகுதி. தயாரானவர் சார்லஸ் ட்ரூ. ஆடம்ஸ் அதைப் பார்க்கவில்லை, 1940இல் இறந்துவிட்டார்.

ட்ரூவின் பெயர் பலருக்கும் தெரியும். இரத்த வங்கி. 1940இல் கொலம்பியாவில் சேமித்த இரத்தத்தைப் பற்றிய ஆய்வுக்கு மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தை அங்கே வாங்கிய முதல் கறுப்பினர். அண்ணல் படித்த பல்கலைக்கழகம் என்பதால் நமக்குத் தனிப் பாசம். போரில் சிக்கிய பிரிட்டனுக்கு பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தை நடத்தினார், பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடித் திட்டத்தை அமைத்தார். அதே சங்கம் முதலில் கறுப்பர் இரத்தமே வேண்டாம் என்றது. 1942 முதல் தனியாக வைத்து எடுத்துக்கொள்வோம் என்றது. இந்தப் பிரிப்புக்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை என்று ட்ரூ வெளிப்படையாகச் சொன்னார். இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரட்டை இரத்தப்புட்டி வியப்பாக இருக்காது.

ஆனால் ட்ரூ தன் வாழ்நாள் வேலையாகக் கருதியது இரத்தத்தை அல்ல. 1941இல் ஹாவர்டு திரும்பி, அறுவைத் துறைத் தலைவராகி, பயிற்சி மருத்துவர்களை உருவாக்குவதில் இறங்கினார். வேறு நல்ல மருத்துவமனைகளில் அவர்களுக்கு மேற்பயிற்சி இடம் தேடிக் கொடுத்தார். 1941க்கும் 1950க்கும் இடையில் அமெரிக்க அறுவை மருத்துவ வாரியத்தின் சான்று பெற்ற கறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் படித்தவர்கள். இத்தனைக்கும் அமெரிக்க மருத்துவச் சங்கம் அவரையே சேர்க்கவில்லை. 1947இல் அதன் இதழாசிரியருக்கு எழுதிக் கண்டித்தார். பலன் இல்லை.

1950 ஏப்ரல் 1 காலையில் வட கரோலினாவில் கார் கவிழ்ந்து இறந்தார். 45 வயது. உடன் மூன்று கறுப்பின மருத்துவர்கள். நால்வரும் போய்க்கொண்டிருந்தது டஸ்கீகியின் அந்த ஆண்டு முகாமுக்கு. இரவில் கிளம்பி வண்டி ஓட்டிப் போனார்கள்.

வெள்ளையர் மருத்துவமனை ட்ரூவுக்கு இரத்தம் தர மறுத்ததால் இறந்தார் என்று ஒரு கதை உண்டு. நம் பக்கத்து எழுத்துகளிலும் வருகிறது. அது உண்மையல்ல. அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் காப்பாற்ற முயன்றார்கள், காயம் மிகக் கடுமை. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், அதே மாவட்டத்தில் விபத்தில் சிக்கிய ஒரு கறுப்பின மாணவரை, கறுப்பருக்கான படுக்கை காலியில்லை என்று ஒரு பெரிய மருத்துவமனை திருப்பி அனுப்பியது. அவர் இறந்தார். புகழ்பெற்றவரைப் பற்றிய பொய் பரவியது, பெயர் தெரியாதவரைப் பற்றிய உண்மை மறந்துபோனது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது நம் கடமை, எதிரி நம் ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய் என்பான்.

தனியாகக் கூடுவதா, பொது இடத்தில் இடம் கேட்டு நிற்பதா என்ற சண்டை அவர்களுக்குள்ளேயே கடுமையாக நடந்தது. நியூயார்க்கின் லூயிஸ் ரைட் ஒரு பக்கம். ஹார்வர்டில் 1915இல் படித்து முடித்தவர். அங்கே பிரசவப் பயிற்சியை வெள்ளை மாணவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டாம், தனியே ஒரு கறுப்பின மருத்துவரிடம் போய்க் கற்றுக்கொள் என்றபோது எதிர்த்து நின்று சேர்ந்தே கற்றார். தொண்டை அடைப்பான் நோய்க்கான ஷிக் சோதனை கறுத்த தோலில் தெரியாது என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஹாவர்டின் பயிற்சி மருத்துவராகவே அதைச் செய்து பார்த்து, தெரியும் என்று 1917இல் எழுதினார். 1919இல் ஹார்லெம் மருத்துவமனையில் நுழைந்த முதல் கறுப்பின மருத்துவர். 1930இல் அவரும் நண்பர்களும் மன்ஹாட்டன் மருத்துவக் கழகத்தைத் தொடங்கினார்கள். ரோசன்வால்டு நிதியம் நியூயார்க்கில் கறுப்பருக்கென்று தனி மருத்துவமனை கட்ட முன்வந்தபோது, 1931இல் திறந்த மடல் எழுதி எதிர்த்தது இந்தக் கழகம். தானமாக வரும் ஒதுக்கல் எங்களுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம்.

எதிர்ப்பக்கத்துக் கறுப்பின மருத்துவர்களின் வாதமும் லேசானதல்ல. பொது மருத்துவமனை திறக்கும்வரை காத்திருந்தால் இந்த ஆண்டு படிப்பை முடிக்கிற பையன் எங்கே பயிற்சி பெறுவான்? நம் சாய்வைச் சொல்லிவிடுகிறோம். ரைட்டின் கொள்கை நமக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஆடம்ஸின் தாழ்வாரம் இல்லாமல் அந்தக் கொள்கையைச் சுமக்க ஆள் வந்திருக்காது. ரைட்டுக்கே தொடக்கப் பயிற்சி தந்தது ஹாவர்டோடு சேர்ந்த ஃபிரீட்மென்ஸ் மருத்துவமனைதான். மன்ஹாட்டன் கழகமும் ஒரு கூட்டமே. தனியாகக் கூடியது பொதுக் கதவை உடைக்கத்தான்.

இரண்டையும் ஒன்றாகச் செய்துகாட்டியவர் காப். 1936இல், கறுப்பர் வேகமாக ஓடுவது உடலமைப்பால் என்று பேசியவர்களுக்கு, ஓட்டவீரர் ஜெசி ஓவன்ஸின் உடலை அளந்தே பதில் எழுதினார். அப்படி ஓர் இன அடையாளம் அந்த உடலில் இல்லை. 1949 முதல் 1977 வரை தேசிய மருத்துவச் சங்க இதழின் ஆசிரியர். ஆய்வுக்கட்டுரைகளுக்கு நடுவே கறுப்பின மருத்துவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இதழ் தவறாமல் எழுதிச் சேர்த்தார். இளம் மாணவர் கட்டுரை தேடிப் புரட்டும்போது தன் முன்னோரின் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. 1957இல் மருத்துவமனை ஒருங்கிணைப்புக்காக இம்ஹோதெப் மாநாட்டைத் தொடங்கி, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து நடத்தினார். பெயர் பண்டை எகிப்தின் மருத்துவரிடமிருந்து எடுத்தது. பெரிய வெள்ளையர் சங்கங்களுக்கு அழைப்பு போனது. பெயருக்கு யாராவது வந்தார்கள், கேட்டுவிட்டுப் போனார்கள். பேச்சால் கதவு திறக்காது என்று எழுத்துப்பூர்வமாகக் காட்ட ஏழாண்டுப் பதிவு கிடைத்தது. 1963 நவம்பரில், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற பல் மருத்துவரும் தோழர்களும் தொடுத்த வழக்கில், அரசுப் பணத்தில் கட்டிய மருத்துவமனைகள் நிறம் பார்க்கக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டம். 1966இல் மெடிகேர் பணம் வேண்டுமென்றால் பிரிவினையை விடு என்றதும் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் சில மாதங்களில் மனம் திருந்தின!

1964ஐத் தனியாகக் கவனியுங்கள். அந்த ஆண்டு அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம், மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் சேர்த்துப் படிக்க முழுநிதி தரும் மருத்துவ விஞ்ஞானி பயிற்சித் திட்டத்தை மூன்று கல்லூரிகளில் தொடங்கியது. ஹாவர்டோ மெஹாரியோ அந்த மூன்றில் இல்லை. அதே ஆண்டு ஹாவர்டு, மெஹாரி மாணவர்கள் தங்களுக்கென்று தேசிய மாணவர் மருத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு லூயிஸ் ரைட்டின் மகள், புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சையை ஆராய்ந்த ஜேன் ரைட், அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தை நிறுவிய ஏழு பேரில் ஒருவரானார். எழுவரில் ஒரே பெண், ஒரே கறுப்பினர். அவர் ஆராய்ச்சி கற்றது அப்பா 1948இல் ஹார்லெமில் அமைத்த புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில்.

மாணவர் சங்கம் இன்றும் இயங்குகிறது. மருத்துவக் கல்லூரி மாணவர்கள், மருத்துவம் படிக்க நினைக்கிற இளநிலை மாணவர்களைக் கைப்பிடித்து அழைத்துவரும் கிளைகள் அதற்கு உண்டு. தாய்ச்சங்கத்தை வெளியே நிறுத்திய அமெரிக்க மருத்துவச் சங்கம் 2008இல் மன்னிப்புக் கேட்டது.

1969இல் ஹாவர்டு மருத்துவ மாணவர்கள் ஒரு போராட்டம் நடத்தினார்கள். எதிராளி வெள்ளையர் யாருமில்லை, காப்தான். அவர் பாடம் நடத்தும் முறை தேசியத் தேர்வுக்கு உதவவில்லை என்பது புகார். இருபது ஆண்டுக்கு மேல் நடத்திய உடற்கூறியல் துறையின் தலைமையிலிருந்து அவர் விலக நேர்ந்தது. பல்லாயிரம் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவருக்கு அது வலித்திருக்கும். ஆனாலும் ஹாவர்டை விட்டுப் போகவில்லை, 1973இல் ஓய்வுபெறும்வரை கற்பித்தார். இதழையும் நிறுத்தவில்லை, 1977வரை நடத்தினார். 1976இலிருந்து 1982வரை கறுப்பினர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் தலைவராக இருந்தார். அவர் சேர்த்த நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் இன்னும் ஹாவர்டில் இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவர்கள் அவற்றை வைத்துத்தான் படிக்கிறார்கள்.